சித்தேரி மலை: வன உரிமை மனு தயாரிக்க உதவி தேவை

தோழர்களே, வணக்கம். எங்கள் மலை ஊருக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை (ஊர் வழிவழியாகப் பயன்படுத்தும் காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை) கேட்டு மனு தயார் செய்கிறோம். கிராம சபை கூடி வன உரிமைக் குழுவும் தேர்வாகிவிட்டது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியே கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டம்தான் எங்களுக்குப் பிடிமானம். கடுக்காய் பொறுக்கும் சரிவு, தேன் எடுக்கும் பாறை, இடுகாடு, சாமி தோப்பு எல்லாவற்றையும் பெரியவர்கள் நடந்தே காட்டிவிட்டார்கள். ஆனால் ஓர் அலுவலகத்தில், "பட்டா எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வன உரிமைச் சட்ட விதிகளில் விதி 13-ன்படி பெரியவர்கள் வாக்குமூலமும் சான்றுதானே! மனசே ஆறவில்லை.

படிவம் சி (சமூக வன வள உரிமை கேட்கும் படிவம்) கொடுத்த ஊர்க்காரர்கள் யாராவது நகல் தர முடியுமா? ஜிபிஎஸ் வைத்து எல்லை வரைபடம் போடத் தெரிந்தவர்கள் அரூர் பக்கம் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க. அடுத்த கிராம சபைக்குள் முடிக்கணும்.