பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு எந்தப் பொறியியல் கல்லூரி?

தம்பிக்காகக் கேட்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, ஊர் தென்காசிப் பக்கம். கட்-ஆஃப் 171. குறைந்த பார்வை, 60 சதவீதச் சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கையில் இருக்கின்றன. விருப்பம் கம்ப்யூட்டர் சயின்ஸ். 5 சதவீத மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு, அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீதம் இரண்டுக்கும் விண்ணப்பித்தாயிற்று. சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுப் பிரிவுக்கு முன்பே வந்துவிடும், அதனால் விருப்பப் பட்டியலை இப்போதே முடிக்க வேண்டும்.

இடம் கிடைப்பதல்ல கவலை, உள்ளே போன பிறகுதான். முதலாண்டு வரைபடப் பாடமான இன்ஜினியரிங் கிராபிக்ஸில் 2ஹெச் பென்சிலின் மெல்லிய கோடு அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஹெச்பியில் அழுத்திப் போட்டால் ஓரளவு தெரிகிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை நன்றாகப் பழகியிருக்கிறான். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் நோட்ஸைக் கொடுத்தால் அது வாசிக்காது.

ஆறு கல்லூரிகளுக்குப் போன் செய்தோம். எல்லோரும் "வசதி இருக்கு, வாங்க" என்கிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேவைகளைக் கவனிக்கும் சம வாய்ப்புப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்றால் இரண்டு இடத்தில்தான் பதில் வந்தது. மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் பல்கலைத் தேர்வில் கிடைக்கும், சரி. இன்டர்னல் டெஸ்டில்? ஒருவரும் சொல்லவில்லை. இணையதளங்களில் சாய்தளப் படம் மட்டும் போட்டிருக்கிறார்கள், அது இவனுக்கு எதற்கு!

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இப்போது படிக்கிற, இன்டர்னலிலும் கூடுதல் நேரமும் கிராபிக்ஸில் மாற்று ஏற்பாடும் உண்மையிலேயே தருகிற கல்லூரி எது?