மறு: ‘எக்கித் தளர்ச்சி’ வேண்டாம், ‘வரத்துக்குறை’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

மேட்டில் வண்டி திணறும் கோளாறுக்கு ‘எரிபொருள் எக்கித் தளர்ச்சி’ என்று நம் வண்டிப் பழுதுத் தமிழ்ச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். பம்புக்கு எக்கி நல்ல சொல்தான், அதில் சண்டையில்லை. ஆனால் கோளாறின் பெயரிலேயே பம்பைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், சோதித்துப் பார்க்கும் முன்பே புது பம்ப் வாங்க ஆள் ஓடிவிடும். சேலத்து ஒர்க்‌ஷாப்பில் இதை ‘பெட்ரோல் வரல சார்’ என்றுதான் சொல்வார்கள். நமக்கு வேண்டிய சொல் அந்த ‘வரல’விலேயே இருக்கிறது.

எங்கள் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும்) மாருதி ஜிப்ஸி ஜீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் ஐட்லிங் கச்சிதம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும், ஆள் சுமையோடு ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் இழுவை போய்விடும், காலை எடுத்தால் திரும்பிவிடும். பிரஷர் கேஜை ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில்) மாட்டி, நீள ஹோஸ் போட்டு, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து முன் கண்ணாடிமேல் டேப்பால் ஒட்டிக்கொண்டு ஏறினோம் (பெட்ரோல் ஹோஸை மட்டும் வண்டிக்குள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள்). இந்த வகை இன்ஜின்களில் பொதுவாக 2.5 முதல் 3 பார் வரை காட்ட வேண்டும், நிற்கும்போது காட்டியது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் வாக்குவம் குழாய் இருந்தால் முழு மிதியில் முள் கொஞ்சம் மேலேதான் போகணும். இங்கே அது நடுங்கி, மெல்லச் சரிந்து, 2க்கும் கீழே இறங்கியது.

அப்போதும் பம்ப்தான் என்று சொல்லிவிட முடியாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் வோல்டேஜ் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டைத் தாண்டி நின்றது. பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் சாக்கெட் கருகி இருந்தது, டேங்க் பக்கத்து எர்த் போல்ட்டில் துரு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராகத் தடித்த ஒயர், தனி ரிலே, புது எர்த், அப்புறம் புது ஃபில்டர். பாதி இழுவை இவற்றிலேயே திரும்பிவிட்டது. மீதிக்குத்தான் பம்ப் மாற்றினோம்.

மேட்டூர் அணைச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நீர்மட்டம் வேறு, நீர்வரத்து வேறு என்று விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அப்படித்தான், நிற்கும்போது அழுத்தம் சரியாகக் காட்டும், ஏறும்போது வரத்து போதாது. அதனால் ‘எரிபொருள் வரத்து’, அது போதாமல் போனால் ‘வரத்துக்குறை’. ஃபில்டர் அடைப்பு, ஒயர் கோளாறு, பம்ப் தேய்மானம், டேங்கில் பெட்ரோல் கம்மியாக இருந்து சரிவில் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்வது எல்லாமே இதற்குள் அடங்கும், யாரையும் முன்கூட்டியே பழிக்காது. ‘ஊட்டக்குறை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், படித்ததும் எனக்குப் பயிருக்கு உரம் போடுகிற நினைப்புதான் வருகிறது.

இன்னொரு சிக்கல்: ‘அழுத்தம் குறைகிறது’ என்று மொட்டையாக எழுதினால் பெட்ரோலா மின்சாரமா? இந்த ஒரு வேலையில் இரண்டையும் அளக்கிறோம். மின்னழுத்தம் பாடப்புத்தகத்தில் இருக்கட்டும், பழுதுபார்ப்புக் குறிப்பில் வோல்டேஜ் என்றே விடுவதுதான் பாதுகாப்பு என்பேன். பம்பும் பம்பாகவே இருக்கலாம்.

மேம்படுத்தல் பற்றிக் கேட்டவருக்கு: மணிக்கு 255 லிட்டர் பம்ப் போடலாமா என்றால், சுமார் 80 குதிரைத்திறன் இன்ஜின் முழு மிதியிலும் மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர்தான் குடிக்கும். மீதியெல்லாம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே போய்ப் பெட்ரோலைச் சூடாக்கும். ரெகுலேட்டரும் ரிட்டர்ன் குழாயும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காவிட்டால் அழுத்தம் தேவைக்குமேல் ஏறிவிடும், பழைய ஒயரில் கரன்ட்டும் கூடுதலாக இழுக்கும். அசல் அளவிலேயே நல்ல பம்பும் புது ஒயரிங்கும் போதும்.

பட்டியலுக்கு இப்படி எழுதலாம்: ‘வரத்துக்குறை – சுமையின்போது இன்ஜினுக்குத் தேவையான அளவு எரிபொருள் வந்து சேராமை’. பம்ப் ஒரு மணி நேரத்தில் தள்ளும் அளவுக்கு ‘மணி வரத்து’ சரிவருமா, இல்லை ‘தள்ளுதிறன்’ நல்லதா? டீசல் வண்டிக்காரர்கள் சொல்லுங்கள்.