மறுமொழி: கன்வர்ஷன் ஃபேக்டருக்குத் தமிழில் ‘ஈட்டுப் பின்னம்’?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அலகில் உள்ள அளவை இன்னோர் அலகுக்கு மாற்றப் பெருக்குகிறோமே, அந்தக் கன்வர்ஷன் ஃபேக்டருக்கு ‘மாற்றுக் காரணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். அங்கே நடந்ததைச் சொன்னால் என் பதில் புரியும்.

போன வாரம் ஒரு கணக்கு கொடுத்தேன். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து, பிரேக் போட்டதும் சீராக வேகம் குறைந்து 5 வினாடியில் நிற்கிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? மூன்று விதமான விடைகள் வந்தன. சிலர் 54-ஐ அப்படியே 5-ஆல் பெருக்கிப் பாதியாக்கி 135 மீட்டர் என்றார்கள். ஒரு பெண் 18/5-ஆல் பெருக்கினாள். வேகம் வினாடிக்கு 194.4 மீட்டர், தூரம் 486 மீட்டர் என்று வந்தது. அந்த வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர், பேருந்து இல்லை, விமானம்! மற்றவர்கள் 5/18-ஆல் பெருக்கி, வேகம் 15, தூரம் 37.5 மீட்டர் என்று சரியாகப் போட்டிருந்தார்கள். ஆனால் ஏன் 5/18, ஏன் 18/5 இல்லை என்று கேட்டால் அவர்களிடமும் பதில் இல்லை. மனப்பாடம் செய்ததில் அந்தப் பெண்ணுக்குத் தலைகீழாக நினைவு வந்தது, இவர்களுக்கு நேராக வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

(54 கி.மீ. / 1 மணி) × (1000 மீ. / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வினாடி)

கி.மீ. மேலும் கீழும் அடிபடுகிறது, மணியும் அடிபடுகிறது, மிஞ்சுவது மீட்டரும் வினாடியும். எதை மேலே எழுதுவது என்பதை அலகே சொல்லிவிடுகிறது. தலைகீழாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். அலகுகள் அடிபடாமல் கி.மீ. சதுரம், மணி சதுரம் என்று குவிந்தன. பிள்ளைகளே தப்பைப் பிடித்துவிட்டார்கள்.

இங்கேதான் சொல் சிக்கல் வருகிறது. 5/18-உம் ‘மாற்றுக் காரணி’, (1000 மீ. / 1 கி.மீ.) என்பதும் ‘மாற்றுக் காரணி’ என்று எழுதுகிறோம். இரண்டும் ஒன்றில்லை. முதலாவது அலகை உதறிவிட்டு வந்த வெறும் எண். இரண்டாவதில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே நீளம், அதனால் அந்தப் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அளவு மாறாது, உடை மட்டும் மாறும். அலகு மாற்றத்தின் உயிரே இதுதான், இதற்கு ஒரு தனிப்பெயர் இல்லை என்பதுதான் என் குறை. வெறும் எண்ணுக்கு ‘மாற்றுக் காரணி’ இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சொல்லிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மாற்றுத் திறன், மாற்று மருத்துவம் என்று பழகிய காதுக்கு ‘மாற்றுக் காரணி’ என்றால் வேறொரு காரணி என்றுதான் படுகிறது. மாற்றுகின்ற காரணி என்று வினைத்தொகையாகக் கொண்டால் நடுவில் ‘க்’ வரக்கூடாது, ‘சுடுசோறு’ போல.

இந்தப் பின்னத்துக்கு வைக்கக்கூடிய பெயர்களில் ‘அலகீடு’ எனக்கு மிகவும் பிடித்தது. அளவீடு, மதிப்பீடு வரிசையில் இயல்பாகப் போய் உட்காருகிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, அலகிடுதல் என்றால் நாள், மலர், காசு, பிறப்புதான். அடுத்த ஆண்டே அதே சொல்லுக்கு வேறு பொருள் சொல்ல மனம் வரவில்லை. ‘அலகுப் பின்னம்’ வேண்டாம், 1/2, 1/3, 1/4 போன்றவை கணக்கில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டன. ‘ஒருமதிப்புப் பின்னம்’ பொருளில் சரி. ஆனால் தமிழ்நாட்டில் நாம் மதிப்பு என்பதை இலங்கைப் பாடநூல்கள் பெறுமானம் என்கின்றன. ஏற்கெனவே இருக்கிற விலகல் போதாதா? நாம் திசைவேகம் என்பது அங்கே வேகம், நாம் வேகம் என்பது அங்கே கதி. முடுக்கம் ஆர்முடுகல், வினாடி செக்கன். எல்லாவற்றிலும் மோசம் ‘நிறை’. இங்கே பொருளின் நிறை கிலோகிராமில், அங்கே நிறை என்றால் எடை, நியூட்டனில். அங்கே திணிவு என்பதைத்தான் நாம் நிறை என்கிறோம். புதிதாக ஆக்கும் சொல்லாவது இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

அதனால் என் பரிந்துரை: ஈட்டுப் பின்னம்.

ஈடு என்றால் சமம். ‘இதற்கு அது ஈடாகுமா?’ என்று வீட்டில் பேசுகிற சொல். மேலும் கீழும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும் பின்னம், ஈட்டுப் பின்னம். வீடு, வீட்டுக் கதவு என்று ஆவது போலத்தான். சொல்லைக் கேட்டதும் ‘எதற்கு எது ஈடு?’ என்ற கேள்வி பிள்ளையின் மனதில் எழும், அந்தக் கேள்விதான் வேண்டும். ஒரு பவுனுக்கு ஈடு 8 கிராம். ஒரு நாழிகைக்கு ஈடு 24 நிமிடம். ஒரு சென்ட் நிலத்துக்கு ஈடு 435.6 சதுர அடி. நகைக்கடையிலும் பத்திரப்பதிவிலும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயாலேயே போடும் கணக்கு இது.

சொல்லைப் பிரிப்பது வெறும் நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு 1983 ஜூலையில் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று எட்மண்டன் போக 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண், கிலோவுக்குச் சுமார் 0.8 வரவேண்டும். தொட்டியில் தேவையானதில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் இரண்டு என்ஜின்களும் நின்று, அது மிதந்தே வந்து மானிடோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை. 1.77 என்ற மாற்றுக் காரணி அவர்களிடம் இருந்தது. (1.77 பவுண்டு / 1 லிட்டர்) என்று அலகோடு எழுதியிருந்தால் லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மிஞ்சியிருக்கும், தப்பு தாளிலேயே தெரிந்திருக்கும். (1.77 ஒரு அடர்த்தி, அந்த எரிபொருளுக்கு மட்டுமே பொருந்தும் ஈடு, மீட்டருக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள ஈட்டைப் போல எங்கும் செல்லாது. பாடத்தில் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.)

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றவும் இது உதவுமா என்று கேட்ட அம்மாவுக்கு: அங்கே ஈட்டுப் பின்னம் செல்லாது. ஒன்றின் சுழி மற்றதில் 32. 9/5-ஆல் பெருக்கிய பிறகு 32-ஐக் கூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு அளவுகளிலும் சுழி ஒன்றாக இருந்தால்தான் வெறும் பெருக்கல் போதும். வெப்பநிலை வேறுபாட்டுக்கு மட்டும் என்றால் செல்லும், 5 செல்சியஸ் பாகை உயர்வுக்கு ஈடு 9 ஃபாரன்ஹீட் பாகை உயர்வு.

பரப்பும் கன அளவும் வரும்போது ஈட்டுப் பின்னத்தை இரண்டு முறை, மூன்று முறை பெருக்கச் சொன்னால் போதும். ஒரு சதுர மீட்டர் 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதும் பழக்கம் தானாகப் போய்விடும், 100 × 100 = 10,000 என்பது கண்ணுக்கு எதிரே நிற்கிறதே.

யாழ்ப்பாணத்து நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் ஈடு என்றதும் அடகு, ஈட்டுக்கடன்தான் முதலில் நினைவுக்கு வருமா? கடனுக்குச் சமமான பொருளை வைப்பதால்தான் அதுவும் ஈடு என்பது என் எண்ணம். இருந்தாலும் உங்கள் மாணவர்களிடம் ஒருமுறை இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.