இழை: ‘தேவையான, போதுமான நிபந்தனை’ – பதிவை மாற்றலாமா?

கோத்தகிரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

நம் கணிதக் கலைச்சொல் பட்டியலில் ‘தேவையான மற்றும் போதுமான நிபந்தனை’ (necessary and sufficient condition) என்று இருப்பதை அப்படியே விட்டுவிடலாம் என்று கூடலூர் அண்ணன் எழுதியிருந்தார். பாடநூலில் இருக்கிறது, பிள்ளைகள் நாக்கில் ஏறிவிட்டது, இனி ஏன் கைவைப்பானேன் என்பது அவர் கட்சி. ‘போதுமான’ மேல் எனக்கு வழக்கு இல்லை. ‘தேவையான’ மேல்தான்.

சமையல் குறிப்பில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று போடுகிறோம். உப்பு இல்லாமல் குழம்பு ஆகாது என்பதா அதன் பொருள்? போதுமான அளவு போடு என்பதுதான். ‘கல்யாணத்துக்குத் தேவையான பணம் கையில் இருக்கிறது’ என்றாலும் பணம் போதும் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ‘இது இல்லாமல் ஆகாது’, ‘இது இருந்தால் போதும்’ என்ற எந்த இரண்டு கருத்தைப் பிரித்துக் காட்டக் கலைச்சொல் தேடுகிறோமோ, அந்த இரண்டின் மேலும் இந்த ஒரே சொல் கால் வைத்து நிற்கிறது. நான் டியூஷன் எடுக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘தேவையான மற்றும் போதுமான’ என்பதை ‘நோய்நொடி’ மாதிரி ஓர் இணைமொழியாகவே ஒப்பிக்கிறார்கள். அவை இரண்டு வெவ்வேறு திசை என்பது அவர்களுக்குத் தட்டுப்படுவதே இல்லை.

என் பரிந்துரை ‘இன்றியமையா நிபந்தனை’. ‘அ இன்றி ஆ அமையாது’ என்று சொல்லைப் பிரித்தால் வரையறை கையில் வந்துவிடுகிறது: அ பொய்த்தால் ஆவும் பொய்க்கும். (குறளை இழுக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.) எதிர்ப்பக்கத்துக்குப் ‘போதிய நிபந்தனை’: அ இருந்தால் போதும், ஆ உண்டு.

திசையை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கணிதத்தில் இந்த இரண்டு பாதியும் தனித்தனி உழைப்பு. கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற கேள்வியைக் கணிதவியலாளர் ஆய்லர் 1736-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்கொண்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு நிலத்துண்டிலும் வந்து சேரும் பாலங்கள் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். உள்ளே வந்த ஒவ்வொரு முறையும் வெளியே போக இன்னொரு பாலம் வேண்டுமல்லவா? திரும்ப வேண்டியதில்லை என்றால் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் மட்டும் விலக்கு. கோனிக்ஸ்பர்க்கிலோ நான்கு துண்டிலும் ஒற்றைப்படை: ஓரிடத்தில் ஐந்து, மற்ற மூன்றில் மும்மூன்று. அத்தோடு கதை முடிந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இரட்டைப்படையாக இருந்து, எந்த நிலத்துண்டும் பாலத் தொடர்பின்றித் துண்டுபடாமல் இருந்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று கட்டாயம் கிடைக்குமா? கிடைக்கும் என்று ஆய்லர் சொன்னார். அதற்கு முழு நிறுவல் கணிதவியலாளர் ஹீர்ஹோல்ட்சர் பெயரில் 1873-இல்தான் அச்சேறியது. அதற்குள் ஹீர்ஹோல்ட்சர் இறந்தே போயிருந்தார். இன்றியமையாமையை நாலு வரியில் சொல்லிவிடலாம். போதுமையை எழுதி முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இவ்வளவு தூரம் விலகி நிற்கிற இரண்டை ‘மற்றும்’ போட்டு ஒட்டி ஒரே மூச்சில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குன்னூரிலிருந்து:

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘இன்றியமையா’ இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்த்தாயா? பிரிவுபசார விழா ஒன்றுக்குப் போய்விட்டு வா. ‘இப்பள்ளியின் வளர்ச்சியில் இன்றியமையாப் பங்காற்றிய’ என்று ஆரம்பிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வாசித்தார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகும் பள்ளிக்கூடம் நன்றாகவே நடக்கிறது. அந்தச் சொல் தேய்ந்து ‘முக்கியமான’ என்று ஆகிவிட்டது.

பெயர்ச்சொல்லில் ஏன் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? வேறுபாடு பிள்ளைகள் வாயிலேயே இருக்கிறது. ‘படிச்சாத்தான் பாஸ்’ என்று ஒருத்தி சொல்வாள். ‘அந்த டீச்சர் பேப்பர் திருத்தினா, எழுதினாலே பாஸ்’ என்று இன்னொருத்தி சொல்வாள். ‘ஆல்தான்’ வந்தால் இன்றியமையாமை, ‘ஆலே’ வந்தால் போதுமை. இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஒரு பிள்ளையும் மாற்றிச் சொன்னதும் இல்லை.

நான் கரும்பலகையில் இப்படித்தான் எழுதுவேன்:

5-ஆல் வகுபட்டால்தான் ஓர் எண் 10-ஆல் வகுபடும்.
20-ஆல் வகுபட்டாலே 10-ஆல் வகுபடும்.
கடைசி இலக்கம் சுழியமாக இருந்தாலே 10-ஆல் வகுபடும், இருந்தால்தான் வகுபடும்.

மூன்றாவது வரியைத்தான் பாடநூல் ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று எழுதுகிறது. அதில் எந்த ‘இருந்தால்’ எந்தப் பாதியைச் சொல்கிறது என்று வகுப்பில் கேட்டுப்பார், திருதிருவென்று விழிப்பார்கள். ‘தாலே, தால்தான்’ என்று போட்டால் கேள்விக்கே இடமில்லை. பட்டியலில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் ஏற்றுங்கள். பக்கத்தில் இந்த இரண்டு விகுதியும் இருக்கட்டும்.

கூடலூரிலிருந்து:

டீச்சர் சொன்னதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். இ-பாஸ் இருந்தால்தான் வண்டி மேலே ஏறும். இருந்தாலே ஏறிவிடுமா? மண் சரிந்த அன்றைக்கு மலையடிவாரத்தில் கல்லாறிலேயே நிற்க வேண்டியதுதான். நீலகிரியின் டி.என். 43 பதிவெண் இருந்தாலே ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டாம். ஆனால் அது இருந்தால்தான் வேண்டாம் என்பதில்லை. அரசுப் பேருந்தில் வருகிறவருக்கும் வேண்டாம். என் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ‘தேவையான’ என்று தேடுகிற பிள்ளைக்கும் இந்தப் பதிவு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊட்டியிலிருந்து:

நான் கணிதக்காரன் இல்லை, தமிழ்க்காரன். இந்த விவாதம் தமிழுக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நெறி, அதாவது தர்க்கம், கற்பிக்கிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று). புகையுடைத்து ஆதலால் என்பது ஏது (காரணம்). அடுக்களை போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). உங்கள் சொல்லில் வைத்தால், நெருப்பைத் துணியப் புகை போதியது. புகைக்கு நெருப்பு இன்றியமையாதது. நெருப்பு இருந்தாலே புகை இருக்கும் என்று திருப்பிப் போட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை எங்கே என்று நியாய நூலார் கேட்பார்கள். ‘நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை’ என்று எதிர்மறையால் நிறுவும் வழிக்கு வெதிரேகம் என்று பெயர். கோத்தகிரித் தம்பி ‘அ பொய்த்தால் ஆவும் பொய்க்கும்’ என்று எழுதினாரே, அது இதுதான்.

ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே புகை என்று துணிந்து நெருப்பைச் சாதிப்பதை அந்தக் காதை ஏதுப்போலிகளில் (பிழையான ஏதுக்களில்) ஒன்றாக வைக்கிறது. ஊட்டியில் குடியிருப்பவர்கள் கவனிக்க.

கோத்தகிரியிலிருந்து:

நன்றி. விகுதிகளைக் கட்டாயம் சேர்க்கிறேன். ஆனால் பெயர்ச்சொல்லும் வேண்டும் டீச்சர். விகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரைக்குத் தலைப்பு எழுத முடியாது. மேடையில் ‘இன்றியமையா’ தேய்ந்தது உண்மைதான். பக்கத்தில் ‘ஆல்தான்’ நின்றால் தேயாது என்று நம்புகிறேன்.

கணிதத்துக்கு வெளியே போகும்போது பெயர்ச்சொல் இன்னும் அவசியமாகிறது. ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழும் இரவை எடுத்துக்கொள்வோம். வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, குளிர் தேங்குகிற பள்ளமாக இருக்க வேண்டும், காற்றில் ஈரம் வேண்டும். தனியாக எதுவும் போதாது. சேர்ந்தால் விடியும்போது புல் வெளுத்திருக்கும். (காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போனால்தான் உறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புல் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழப்பதால், மேலே மாட்டிய வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல்நுனி சுழியத்தைத் தாண்டிக் கீழே போயிருக்கும்.) இந்தக் கூட்டு மட்டுமே வழி என்றும் சொல்ல முடியாது. குளிர் நாடுகளில் வாடைக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடுகிறது.

ஆக, அசையாத காற்றை இங்கே என்னவென்று அழைப்பது? மெய்யியலாளர் மேக்கி 1965-இல் காரணம் என்ற கருத்தை ஆராய்ந்தபோது இதே சிக்கலை எடுத்தார். வீடு எரிந்ததற்கு மின்கசிவு காரணம் என்கிறோம். மின்கசிவு தனியாகப் போதாது, எரிகிற பொருளும் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்கசிவு இல்லாமல் வேறு வழியிலும் வீடு எரியலாம். ஆனாலும் நடந்த அந்தக் கூட்டிலிருந்து அதை உருவினால் கூட்டு வேலை செய்யாது. நம் சொற்களில் அது ‘போதிய கூட்டின் இன்றியமையா உறுப்பு’. இதையே ‘போதுமான கூட்டின் தேவையான உறுப்பு’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள், குழம்பிவிடும். வரலாறும் மருத்துவமும் படிக்கிறவர்களுக்கு நேர் ‘இன்றியமையா’வும் நேர் ‘போதிய’வும் அரிதாகத்தான் கிடைக்கும், பெரும்பாலும் இந்த மாதிரிக் கூட்டுதான்.

பதிவு இப்படி:

இன்றியமையா நிபந்தனை (‘ஆல்தான்’). பாடநூல் வழக்கு: தேவையான நிபந்தனை.
போதிய நிபந்தனை (‘ஆலே’). பாடநூல் வழக்கு: போதுமான நிபந்தனை.
இரண்டும் சேர்ந்தால்: இன்றியமையாததும் போதியதுமான நிபந்தனை (‘ஆலே, ஆல்தான்’).

வெதிரேகத்தைத் தனிப் பதிவாக்குகிறேன், அதற்கு விளக்கத்தை ஊட்டி ஐயாவே எழுதித் தரட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. ‘2-ஆல் மீதியின்றி வகுபட்டால் அந்த முழு எண் இரட்டை எண் எனப்படும்’ என்று வரையறைகளில் வெறும் ‘ஆல்’ போட்டே எழுதுகிறோம். பொருளோ இரு திசைக்கும் சேர்த்து. பெயர் சூட்டுகிற இடம் என்பதை ‘எனப்படும்’ காட்டிவிடுவதால் அங்கே ‘ஆல்தான்’ வேண்டாம் என்பது என் கருத்து. டீச்சர் வேறு மாதிரி நினைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு பட்டியலை ஏற்றிவிடுகிறேன்.