ஸ்காட்ஸ் 'ட்வா' நார்ஸ் கடன்சொல்லா?

கேள்வி:
ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியில் இரண்டுக்கு 'ட்வா'. நெதர்லாந்தின் மேற்கு ஃப்ரிசியனிலும் 'ட்வா', ஸ்வீடிஷில் 'ட்வோ'. அப்படியானால் வைகிங்குகளோடு, அவர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல்லா? அல்லது ஆங்கில 'டூ' திரிந்ததா? எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில் 1:
இரண்டும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த எண் பாலுக்கேற்ப மாறும். ஆண்பாலுக்கு 'ட்வேயென்', பெண்பாலுக்கு 'ட்வா', நபும்சகத்துக்கு 'ட்வா' அல்லது 'டூ'. ஸ்காட்ஸ் சொல், இன்றைய ஆங்கிலச் சொல் இரண்டுமே அந்த 'ட்வா'வின் பிள்ளைகள்தான்.

பிரிந்தது உயிரொலியில். வட இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே நெடில் 'ஆ' குவிந்து 'ஓ' ஆனது; வடக்கே ஆகவில்லை. கல்லைக் குறித்த பழைய 'ஸ்டான்' ஆங்கிலத்தில் 'ஸ்டோன்', ஸ்காட்ஸில் 'ஸ்டேன்'. வீட்டைக் குறித்த 'ஹாம்' அதேபோல் 'ஹோம்', 'ஹேம்'. ஆங்கில 'ட்வோ' மேலும் குவிந்து 'ட்வூ' ஆனபின், அந்த 'ஊ' தன் முன்னிருந்த 'வ்' ஒலியை விழுங்கிவிட்டது. எழுத்தில் மட்டும் டபிள்யூ இன்னும் நிற்கிறது.

பதில் 2:
நார்ஸ் பக்கம் பார்த்தால் 'ட்வெய்ர்', 'ட்வைர்', 'ட்வவ்' என்று மூன்று பால்வடிவங்கள். ஸ்வீடிஷ் 'ட்வோ' வந்தது ஆண்பாலின் இரண்டாம் வேற்றுமையான 'ட்வா'விலிருந்து. ஆக ஒற்றுமை தற்செயல்தான். ஒரே மூலத்தின் வெவ்வேறு வடிவங்கள் தனித்தனியே தேய்ந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. கடன் என்று சொல்ல, தேவாலயத்தைக் குறிக்கும் ஸ்காட்ஸ் 'கிர்க்' போல ஒலிச்சான்று வேண்டும்: ஆங்கில 'சர்ச்'சில் 'ச' ஒலி வரும் இடத்தில் அங்கே நார்ஸ் 'க்' நிற்கிறது. 'ட்வா'வில் அப்படி எதுவும் இல்லை.

பதில் 3:
வேர் இன்னும் ஆழம். லத்தீன் 'டுவோ', சமஸ்கிருத 'த்வி' இவற்றின் முதல் மெய் (d), மெய்யொலி மாற்றங்களைச் சொல்லும் கிரிம் விதிப்படி ஜெர்மானிய மொழிகளில் 'ட்' (t) என வல்லொலியானது: வழக்கொழிந்த கோதிக் மொழியில் 'ட்வை', டச்சு 'ட்வே'. இன்றைய பொது ஜெர்மனுக்கு அடிப்படையான உயர் ஜெர்மன் மட்டும் அதையும் 'ட்ஸ்' ஆக்கி 'ட்ஸ்வை' என்கிறது. தொலைபேசியில் மூன்றைக் குறிக்கும் 'ட்ரை'யோடு குழம்பாமலிருக்க ஜெர்மானியர் சொல்லும் 'ட்ஸ்வோ' பழைய பெண்பால் வடிவம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் 'ட்வே' என்பார்கள். அதை டச்சுத் தாக்கம் என்று எண்ண வேண்டாம். 'ஸ்டேன்', 'ஹேம்' சென்ற வழியிலேயே அங்கே இந்தச் சொல்லும் சென்றது; மற்ற வட்டாரங்களில் முன்னிருக்கும் 'வ்' ஒலி உயிரைப் பின்னுக்கு இழுத்து 'ஆ'வாக நிறுத்தியது. 'யார்' என்பதற்கும் அங்கே 'வே', பிற இடங்கள் பலவற்றில் 'வா' என்று அதே பிளவு.