"அது நீங்க எழுதினது மிஸ்": பிள்ளைகளுக்குப் பேசப் பழக்கிய அனுபவங்கள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் உள்ள தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் ஒரு பேச்சை எழுதிக் கொடுப்பார். பிள்ளை லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், உட்கார்ந்து அதைப் பாடமாக்கும். "கற்றறிந்த நடுவர் அவர்களே, அவையோரே" என்று ஒரே மூச்சில் தொடங்கி, கையைத் தூக்கச் சொன்ன இடத்தில் தூக்கி, மணி அடிக்குமுன் முடித்துவிடும். நானும் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் பழக்கினேன். கோட்ட மட்டத்தில் முதலிடங்கள்கூட வந்தன.

அப்படி முதலிடம் எடுத்த ஒருத்தி, பத்தாம் தரத்தோடு படிப்பை நிறுத்த விடுகைப் பத்திரம் கேட்டு வந்தாள். ஏன் நிற்கிறாய் என்று அதிபர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெளியே வந்ததும், "மேடையில அவ்வளவு பேசினியே" என்றேன். "அது நீங்க எழுதினது மிஸ்" என்றாள்.

அந்த வருடத்திலிருந்து பேச்சு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக உலகத்தில் பேசப்பட்ட பெரிய பேச்சுகளை எடுத்து, யார், யாருக்கு முன்னால், எதற்காகப் பேசினார் என்று பிள்ளைகளோடு பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் பேச்சிலேயே ஒரு பிழை செய்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியதை அச்சுத் தமிழில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தரம் எட்டுப் பிள்ளைகள் அதையும் போட்டிப் பேச்சு மாதிரியே கத்தினார்கள். அடுத்த நாள் தாளை ஒதுக்கிவிட்டு ஃபோனில் காணொளியைக் காட்டினேன். "ஒரு வார்த்தையும் விளங்காட்டிப் பரவாயில்ல, அவர் கண் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றேன். தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார், பிறகு ஒரு இடத்தில் தாளை விட்டுவிடுகிறார் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னேன். எழுதி வைத்த பேச்சில் கனவு என்ற பகுதியே இல்லை. பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேருக்கு முன்னால் அவர் மனதிலிருந்து பேசத் தொடங்கியது அங்கேதான்.

"எனக்கொரு கனவு உண்டு" என்று திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "எங்க அப்பாயி ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்கு மிஸ்" என்றது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது அத்தனை சரியான பதில். ஒரே தொடக்கத்தை மறுபடி மறுபடி வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு துக்கத்தைக் கூட்டுவது நம் கிழவிகளுக்குக் கைவந்த வித்தை. அன்றைக்கு வீட்டுவேலையாக, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இரண்டு வரி ஒப்பாரியோ தாலாட்டோ கேட்டு வரச் சொன்னேன். சாவு வீட்டுப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்களா என்று ஒரு தாய் கோபித்துக்கொண்டு வந்தார். அவரை உட்கார வைத்து விளக்கினேன். போகும்போது அவரே நாலு வரி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது அமெரிக்க ஜனாதிபதி லிங்கன். 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். எவரெட் என்ற பேர்போன பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசி முடித்த பிறகு, லிங்கன் எழுந்து 270 சொற்களுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு நிமிடம் மட்டும் பேசினார். நீளத்தால்தான் புள்ளி கிடைக்கும் என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். லிங்கன் "87 வருடங்களுக்கு முன்" என்று தொடங்குகிறார். கழித்துப் பாருங்கள் என்றேன், அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்த 1776 வந்தது. நூறு வருடம் கழித்து அதே லிங்கனின் நினைவு மண்டபத்துக்கு முன் நின்று, கிங் "நூறு வருடங்களுக்கு முன்" என்று அதே பாணியில் தொடங்குகிறார். நாங்கள் இதை வகுப்பில் பார்த்தது 2023இல். எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைப்பயணம் போன காலம். ஒரு பையன் கொப்பியில், "இருநூறு வருசத்துக்கு முந்தி எங்க ஆளுங்க நடந்து வந்தாங்க" என்று எழுதினான். அவனே தொடர்ந்து எழுதியது இது:

"எங்க அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துச்சு. பரீட்சை முடிஞ்சு நாலு நாளைக்குப் பிறகு வந்துச்சு. ஏன்னா எங்களுக்கு விலாசம் இல்ல. லயத்துக்கு நம்பர் இருக்கு, ஆனா தபால்காரர் வர்ற விலாசம் இல்ல. இருநூறு வருசமா இருக்கோம், எங்களுக்கு விலாசம் இல்ல."

நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. வலய மட்டப் போட்டியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. பேச்சுவழக்கு என்று புள்ளி வெட்டியிருந்தார்கள். திருத்தியிருக்கலாமோ என்று சில இரவுகள் யோசித்தேன். போட்டிக்கு எழுத்துத் தமிழும் அவனுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். இப்போது இரண்டிலும் பேசிப் பழக்குகிறேன், முதலில் அவன் தமிழில், பிறகு போட்டித் தமிழில். ஆனால் அவன் அந்தப் பேச்சைக் காலைக் கூட்டத்தில் பேசிய அன்று, சிற்றூழியர் அண்ணன் கூட்டிய விளக்குமாற்றைப் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

மஸ்கெலியாவில் பிறந்து கொழும்பில் வேலை செய்பவர்:

மிஸ், நான் படித்த காலத்தில் உங்களைப் போல் ஒருவர் இருந்திருந்தால்! எனக்குக் கொடுத்தது மண்டேலா. "சாகவும் தயார்" என்ற இடத்தில் நெஞ்சில் அடிக்கச் சொன்னார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் பழகும்போது கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "என்னத்துக்குடா சாகப்போற?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

வளர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். 1964 ஏப்ரல் 20, தென்னாபிரிக்காவில், மரண தண்டனை கிடைக்கலாம் என்ற வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்று மூன்று மணி நேரம் அளவில் பேசியிருக்கிறார். அந்தக் கடைசி வரி வேண்டாம், நீதிபதியைத் தூண்டிவிடும் என்று வழக்கறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். அவர் வரியை எடுக்கவில்லை. "தேவைப்பட்டால்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். நெஞ்சில் அடிப்பதற்குப் பதிலாக அந்த ஒரு சொல்லை எனக்கு யாராவது காட்டியிருந்தால், அப்பாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

பதுளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், நீங்கள் செய்வது நல்ல வேலை. இரண்டு விடயம் சேர்க்கிறேன். வெளிநாட்டுப் பேச்சோடு நிறுத்திவிட வேண்டாம். 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது இந்த மலைக்கும் வந்தார். கண்டியிலும் எங்கள் பதுளையிலும் பேசினார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்து மக்களிடம் பாட்டாகவே அரசியல் பேசினார். மேடையில் நிற்கும் பெண் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றது, சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பிள்ளையின் பேச்சைக் கொடுங்கள். 1992இல் ரியோ பூமி உச்சி மாநாட்டில் பன்னிரண்டு வயது செவர்ன் சுசுக்கி பேசினாள். கனடாவிலிருந்து வரும் செலவுக்கு அவளும் கூட்டாளிகளும் தாங்களே பணம் சேர்த்தார்கள். குரல் உயரவே இல்லை. பெரியவர்களைப் பார்த்து, சரிசெய்யத் தெரியாததை உடைக்காதீர்கள் என்று கேட்டாள். நான் தரம் ஏழில் அதைச் சொன்னபோது, பேசவே பேசாத ஒரு பிள்ளை எழுந்து, "அவ பயந்தாளா சேர்?" என்று கேட்டது. பேச்சைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. அந்தப் பாடவேளை முழுக்கப் பயத்தைப் பற்றியே பேசினோம்.

தலவாக்கலை ஆசிரியை:

சேர், மிக்க நன்றி. செவர்னை வருகிற திங்கட்கிழமை எடுக்கிறேன். மீனாட்சி அம்மாளைப் பற்றி அந்த ஒப்பாரித் தாயிடம் சொன்னேன். வகுப்புக்கு வந்து பாடட்டுமா என்று கேட்கிறார். அவர் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்து முடிய நேரமாகிவிடும் என்பதால், கடைசிப் பாடவேளையைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். விலாசம் பேசிய பையனும் கூடவே வந்து கேட்டான். அதிபருக்கு முன்னால் நேரே நின்றுதான் கேட்டான்.