ஞாயிறு மைசூர் அரண்மனை விளக்கு பார்த்துவிட்டுத் திங்கள் காலை கோவையில் இருக்க முடியுமா?

கோவைக்காரி:

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு எனக்கு முப்பது முடிகிறது. ஒரே ஹாஸ்டல் அறையில் குடித்தனம் நடத்திய நாங்கள் நான்கு பேரும், கல்யாணங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒன்றாக வெளியூர் போய் எட்டு வருடம் ஆகிறது. அதனால் மைசூர். பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில் அரண்மனைக்கு மூன்று மணிக்குக் கூட்டிப்போய், நாலரைக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். விளக்கு போடுவதை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்தநாளும் ஞாயிறும் சேர்ந்து வருவது இனி எப்போதோ!

திட்டம் இதுதான்: சனி காலை ஆறு மணிக்கு காந்திபுரத்தில் கிளம்பி சத்தி (சத்தியமங்கலம்), பண்ணாரி, திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாகப் போவது. சுமார் 200 கி.மீ. ஞாயிறு மாலை விளக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்புவது. திங்கள் ஒன்பதரைக்கு நான் மில் ஆபீஸில் இருந்தாக வேண்டும். மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் என் கையில்.

வண்டி, தோழி வீட்டுக்காரரின் பழைய ஸ்விஃப்ட். அவளும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். நான் இதுவரை கார் ஏற்றிய ஒரே மலை மருதமலை, சிரிக்க வேண்டாம். இன்னொருத்திக்கு வளைவு என்று சொன்னாலே வாந்தி. நான்காமவள் கேக்கை இங்கேயே வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். இதில் எங்கே இடிக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்தி டிரைவர்:

தங்கச்சி, ஞாயிறு ராத்திரியில்தான் இடிக்கும். திம்பம் மலைக்காட்டு ரோட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் காலை ஆறு வரை காரை விட மாட்டார்கள். பெரிய லாரிகளுக்கு மாலை ஆறுக்கே மூடல். காட்டு விலங்குகள் அடிபடுகின்றன என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2022 பிப்ரவரியில் வந்த கட்டுப்பாடு. நீங்கள் மைசூரில் எட்டு மணிக்கு வண்டி எடுத்தால் சாமராஜநகர் வருவதற்குள்ளேயே ஒன்பது தாண்டிவிடும். கூடலூர் வழியை யாராவது சொல்வார்கள். அந்த வழியில் வரும் பந்திப்பூர் காட்டு ரோடும் ஒன்பதுக்கு மூடல்தான். பெங்களூர், சேலம் என்று சுற்றினால் 500 கி.மீ. பிறந்தநாள் ராத்திரி பூராவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கவா போகிறீர்கள்?

மலைக்குப் பயப்பட வேண்டாம். 27 கொண்டை ஊசி, அவ்வளவுதான். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. லாரி திரும்ப வளைவு முழுக்க வேண்டும், அதனால் மூக்கை நுழைக்காமல் முன்னாலேயே ஒதுங்கி நில்லுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாதி மலையில் கருகல் வாசம் வரும். ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் பக்கம் யானை கரும்பு லாரிக்காக ரோட்டோரம் நிற்கும். உங்கள் காரில் கரும்பு இல்லை என்பது அதற்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தள்ளியே நில்லுங்கள், போட்டோவுக்கு இறங்காதீர்கள்.

வாந்திக்காரரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். சத்தியில் இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.

சும்மா ஒருவன்:

விளக்கு முடிந்ததும் கிளம்பி சாமராஜநகரில் ரூம் போடுங்கள். காலை ஆறுக்கு செக்போஸ்டில் நின்றால் ஒன்பதரைக்கு கோவை வந்துவிடலாமே?

சத்தி டிரைவர்:

கணக்கில் வரும், ரோட்டில் வராது தம்பி. முந்தின நாள் மாலையிலிருந்து மடக்கி வைத்த லாரிகள் எல்லாம் அந்த ஆறு மணிக்குத்தான் ஒன்றாக இறங்கும். 27 வளைவும் அவற்றின் பின்னாலேயே ஊர வேண்டும். ஒரு லாரி மாட்டிக்கொண்டால் அங்கேயே மதியம் ஆகிவிடும்.

மைசூர் மருமகள்:

பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன், பிறந்த வீடு பொள்ளாச்சி. அரண்மனையில் முழு விளக்கு ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும்தான். மற்ற நாட்களில் ஒலி-ஒளிக் காட்சி முடிந்ததும் சிறிது நேரம் போட்டு அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். லட்சத்துக்குப் பக்கமான பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது, தினமும் அந்த வழியாகப் போகிற நானே இன்னும் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்க்கிறேன். ஆறரைக்கே போய் முன்னால் இடம் பிடியுங்கள்.

உள்ளே பார்ப்பதைச் சனி மதியமே முடித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது எரிந்துபோக, இப்போது நிற்பதை 1912-ல் கட்டி முடித்தார்கள். வரைந்து கொடுத்த ஹென்றி இர்வின், நம் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் வேலை பார்த்தவர். செருப்பை வெளியே விட வேண்டும், அதனால் வார் கட்டுகிற ஷூ வேண்டாம்.

ஞாயிறு காலை சாமுண்டி மலைக்குக் கார் போகும். ஆனால் உங்களுக்கு முப்பதுதானே, ஆயிரம் படியையும் ஏறுங்கள்! பாதிக்கு மேல் பெரிய நந்தி இருக்கிறது, அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த கேக். 27 வளைவு தாண்டி வந்தால் அது உப்புமா. தேவராஜா மார்க்கெட் பக்கம் குரு ஸ்வீட்ஸில் மைசூர்பாகு வாங்குங்கள். அரண்மனைச் சமையல்காரர் மாதப்பாவின் வம்சத்தார் நடத்துகிற கடை. நம் ஊரில் கிடைக்கிற நெய் ஒழுகும் மிருதுவான வகை இல்லை, கொஞ்சம் பொரபொரவென்று இருக்கும். அதில் மெழுகுவத்தி நிற்குமா என்று நான் முயன்று பார்த்ததில்லை.

கோவைக்காரி:

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஒன்பது மணி கேட் பற்றி எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கும் தெரியாது. கூகுள் மேப்பைப் பார்த்து "அஞ்சு மணி நேரம்தானே" என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இன்று மேனேஜரிடம் போய், வெள்ளி இரவு எவ்வளவு நேரமானாலும் இருந்து சம்பளப் பட்டியலை முடித்துத் தருகிறேன், திங்கள் லீவு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். விளக்கு பார்க்க என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, சரி என்றார், வரும்போது அவருக்கும் அரைக் கிலோ மைசூர்பாகாம். திங்கள் காலை நிதானமாகத் தோசை சாப்பிட்டு, லாரிகள் எல்லாம் இறங்கிய பிறகு வருகிறோம்.

கேக்காரி இன்னும் மசியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வருவாளாம். முன் சீட்டை வாந்திக்காரிக்குக் கொடுத்தாயிற்று, இவள் பின்னால்தான்.